பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி



“வண்டி நிக்கும்போது பாத்ரூம் போகக் கூடாது.”

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான். கழிவறைக் கதவிலும் அதையேதான் எழுதி வைத்திருந்தார்கள். அவசரம் தாங்காமல் குழந்தை நெளியும். “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, வண்டி கிளம்பட்டும்” என்போம். ஸ்டேஷன் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

சரி, வண்டி கிளம்பிய பிறகு போனால் அது எங்கே விழுந்தது? யாரோ ஒருவருடைய ஊர் எல்லையில். யாரோ ஒருவருடைய வயல் ஓரத்தில். நாம் ஆரத்தி காட்டும் ஆற்றின் பாலத்தின் மேல். இதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரு பெரிய ஜங்ஷனில் விடியற்காலையில் இறங்கினோம். நாங்கள் வந்த வண்டி நகர்ந்து போனதும், பிளாட்பாரத்துக்குக் கீழே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு பெண்மணி குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் ஒரு தகரத் துண்டு, தேய்ந்துபோன விளக்குமாறு. பக்கத்தில் ஒரு கூடை. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். செருப்பு இல்லை.

“அவங்க என்னம்மா பண்றாங்க?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இந்த நாடே தலையைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது.

இந்த மாதம் உங்களோடு ரயில்வே பற்றிப் பேசலாம் என்று நினைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்மணிதான். நிலைத்த வளர்ச்சி, சமூகப் பொறுப்பு, பசுமை ரயில் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் தினமும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரைச் சுமந்து செல்லும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பை எதை வைத்து அளப்பது? நான் அந்தக் கூடையை வைத்துத்தான் அளக்கிறேன்.

நம் நாட்டில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16-ல், பம்பாயிலிருந்து தானேவுக்கு. ஆனால் சாதாரண வகுப்புப் பயணிகளுக்குப் பெட்டியில் கழிவறை வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1909-ல் வங்காளத்தில் ஓகில் சந்திர சென் என்ற பயணி, வயிற்று உபாதையால் வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்து, வண்டியையும் கோட்டை விட்டார். அந்த அவமானத்தை அப்படியே எழுதி ரயில்வே அதிகாரிக்கு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. அதற்குப் பிறகுதான் சாதாரணப் பெட்டிகளிலும் கழிவறை வைக்கும் யோசனை வந்தது என்பார்கள். டெல்லி ரயில் மியூசியத்தில் அந்தக் கடிதத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

கழிவறை வந்தது. அதற்கு அடியில் என்ன வைத்தார்கள்? ஒரு குழாய். அவ்வளவுதான். குழாய்க்குக் கீழே நேராகத் தண்டவாளம். நூறு ஆண்டுகள் நம் ரயில்கள் அப்படித்தான் ஓடின. கழிவு தொடர்ந்து பட்டால் இரும்பு அரிக்கும், தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளும் அரிக்கும். ஆக, அது சுகாதாரக் கேடு மட்டுமல்ல, நம் உயிருக்கும் ஆபத்து.

இந்த இடத்தில்தான் ஓர் உண்மையான மாற்றம் நடந்தது. பனிமலையில் காவல் காக்கும் வீரர்களுக்காக ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. ஒரு கழிவறையை உருவாக்கியிருந்தது. ரயில்வே அவர்களோடு சேர்ந்து அதை ரயிலுக்கு ஏற்றபடி மாற்றியது. 2011-ல் குவாலியர் – வாரணாசி ரயிலில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். அதற்குப் பெயர் பயோ டாய்லெட்.

அடுத்த முறை பிளாட்பாரத்தில் நிற்கும்போது பெட்டியின் ஓரம், சக்கரங்களுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். கழிவறைக்கு நேர் கீழே பளபளவென்று ஒரு ஸ்டீல் தொட்டி தெரியும். அதற்குள் காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் விட்டுப்போகும் கழிவுதான் அவற்றுக்குச் சாப்பாடு. தொட்டி பல அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அறையாகத் தாண்டும்போது கழிவு கரைந்து, கடைசியில் தண்ணீரும் கொஞ்சம் வாயுவுமாக மாறிவிடும். அந்தத் தண்ணீரும் குளோரின் பட்ட பிறகே வெளியே போகும். நம் வீட்டில் தோசை மாவைப் புளிக்க வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தானே? அப்படி ஒரு கூட்டம்தான் பெட்டிக்கு அடியில் ராத்திரி முழுக்க வேலை செய்கிறது.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. மனிதக் கழிவு துளிகூடத் தண்டவாளத்தில் விழாத நாட்டின் முதல் பசுமை வழித்தடம் எது தெரியுமா? நம் மானாமதுரை – ராமேஸ்வரம் பாதை. 114 கிலோமீட்டர். 2016 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டது. காசிக்குப் போனாலும் ராமேஸ்வரம் வந்தால்தான் யாத்திரை நிறையும் என்று நம்புகிற நாடு இது. கடலில் தீர்த்தமாடப் போகிறவர்களின் ரயிலே அந்தக் கடலுக்கு மேல் என்னவெல்லாமோ கொட்டிக்கொண்டு போன காலம் முடிந்தது. இன்றைக்குப் பழைய பாம்பன் பாலத்துக்குப் பதில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் வண்டி போகிறது. கீழே மீனவர்கள் வலை வீசுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் போகிற வண்டியிலிருந்து எதுவும் விழாது என்பது சின்ன விஷயமா?

அதன்பின் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயோ டாய்லெட்டுகள் பொருத்தப்பட்டுவிட்டன. உலகத்தில் இவ்வளவு பெரிய அளவில் இப்படி ஒரு காரியத்தைச் செய்வது எளிதல்ல. பாராட்ட வேண்டியதை மனம் விட்டுப் பாராட்டுவோம்.

ஆனால் நீங்கள் சொல்ல வருவது எனக்குக் கேட்கிறது. “அதெல்லாம் சரி சார், போன வாரம்கூட ஸ்லீப்பர் கோச்சில் நாற்றம் தாங்கலையே?” உண்மைதான். நானும் அதே நாற்றத்தில் ஒரு ராத்திரி முழுக்க வந்தவன்தான். 2017-ல் நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே இந்தப் பயோ டாய்லெட்டுகளைச் சோதித்து, அடைப்பும் நாற்றமும் பற்றி வந்த புகார்களைப் பட்டியல் போட்டுக் காட்டினார். அவற்றில் முதலிடம் அடைப்புக்குத்தான்.

அடைப்பு ஏன் வருகிறது? வடிவமைப்பில் குறை இருந்தது. பராமரிப்பிலும் குறை இருக்கிறது. அவற்றை ரயில்வே சரிசெய்தே ஆக வேண்டும். மீதி? தண்ணீர் பாட்டில். குட்கா பாக்கெட். பிளாஸ்டிக் டீ கப். குழந்தையின் டயப்பர். சானிட்டரி நாப்கின். இவற்றையெல்லாம் ரயில்வேயா உள்ளே போட்டது?

ஒரு முறை வண்டி புறப்படத் தாமதமானபோது, ஒரு துப்புரவுத் தொழிலாளர் கழிவறைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கையுறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, முழங்கை வரை கையை விட்டார். நசுங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று வந்தது. அதைத் தனியே வைத்துவிட்டு மறுபடியும் கையை விட்டார். செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று வந்தது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. என் எட்டு வயதில் பார்த்த கூடை இன்னும் போகவில்லை, தண்டவாளத்திலிருந்து பெட்டிக்குள் ஏறியிருக்கிறது என்று தோன்றியது.

கழிவறைக்கு வெளியே, வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. எட்டு அடிகூட நடக்க வேண்டாம்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. அந்தச் சட்டத்திலேயே தண்டவாளம் என்ற சொல் இருக்கிறது. 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலை முடிவுக்கு வர ரயில்வே காலக்கெடுவோடு திட்டம் போட வேண்டும் என்றது. அந்த வழக்கைக் கொண்டுபோனது, இந்த வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பு. அதை நடத்துகிற பெஜவாடா வில்சனுக்கு 2016-ல் மகசேசே விருது கிடைத்தது. பயோ டாய்லெட் இவ்வளவு வேகமாக வந்ததற்கு இப்படிப் போராடியவர்களும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கையுறை, காலணி போன்ற பாதுகாப்புச் சாதனங்களோடு செய்தால் அது ‘கையால் அள்ளுவது’ ஆகாது. என் மனசு இதை ஏற்க மறுக்கிறது. கையுறை போட்டுவிட்டால் அந்த வேலை கௌரவமாகிவிடுமா? பெட்டிக்குள் துடைக்கிறவர்கள், ஸ்டேஷனைக் கழுவுகிறவர்கள் எல்லாம் இன்று பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, பி.எஃப். பிடித்தது கட்டப்படுகிறதா, நல்ல கையுறை கிடைக்கிறதா? “அது கான்ட்ராக்டர் பொறுப்பு” என்று ஒரு தேசிய நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் வீட்டில் வேலை செய்கிறவர் பட்டினி கிடந்தால் ஏஜென்சியைக் கேளுங்கள் என்று நாம் சொல்வோமா?

இதே கழிவறைப் பேச்சில் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். வண்டியின் கடைசிப் பெட்டி வரை கழிவறை இருக்கிறது. ஆனால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிற இன்ஜினில்? பெரும்பாலான இன்ஜின்களில் இன்னும் இல்லை. சுரேகா யாதவ் 1989-ல் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்று 2025-ல் ஓய்வு பெற்றார். அவரைப் பார்த்து எத்தனையோ பெண்கள் அந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் டியூட்டியில் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வார்கள் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அரை நிமிடத்தில் புரிந்துவிடும். புதிய இன்ஜின்களில் கழிவறை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது பட்ஜெட் பற்றாக்குறை என்று தள்ளிப்போடுகிற விஷயமே அல்ல.

இனி புகைக்கு வருவோம்.

கரி இன்ஜின் காலத்தில் பயணம் செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளைச் சட்டை ஊர் போய்ச் சேரும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். அப்புறம் டீசல் வந்தது. மின்சார ரயில் 1925-லேயே பம்பாயிலும், 1931-ல் சென்னை பீச் – தாம்பரம் பாதையிலும் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும் நாடு முழுவதும் கம்பி இழுக்கத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதிலும் பெரும் பகுதி கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த வேலை. இன்று அகலப் பாதையில் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது.

நமக்கு நேரடியாகத் தெரிகிற ஒரு மாற்றம் சொல்கிறேன். முன்பெல்லாம் நீண்ட தூர ஏ.சி. ரயிலின் இரண்டு முனைகளிலும் ஜெனரேட்டர் பெட்டி இருக்கும். பிளாட்பாரத்தில் அதன் பக்கத்தில் நின்றால் காது அடைத்துவிடும், டீசல் வாடை தலைவலியைக் கொண்டுவரும். லைட், ஃபேன், ஏ.சி. எல்லாவற்றுக்கும் ராத்திரி முழுக்க டீசல் எரித்தார்கள். இப்போது இன்ஜின் மேல் கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையே பெட்டிகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சத்தம் போயிற்று, புகை போயிற்று. டீசல் செலவும் மிச்சம். புதிய இன்ஜின்கள் பிரேக் போடும்போது அந்த வேகத்தையே மின்சாரமாக மாற்றிக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. இதையெல்லாம் யாரும் நமக்கு விளம்பரம் போட்டுச் சொல்வதில்லை. வந்தே பாரத் ரயிலுக்குக் கிடைக்கிற படங்களில் பத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்குக் கிடைத்திருக்கலாம்.

2030-க்குள் நிகர பூஜ்ய கார்பன் என்பது ரயில்வேயின் இலக்கு. அதாவது வெளியே விடுகிற கார்பனும், ஈடுகட்டுகிற கார்பனும் சமமாக வேண்டும். சென்னை சென்ட்ரல் கூரையில் சோலார் தகடுகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் பீனா என்ற இடத்தில் சூரிய மின்சாரத்தை நேராக ரயில் கம்பிக்கே ஏற்றிப் பார்த்தார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜனில் ஓடும் பெட்டியைச் சோதித்தார்கள். எல்லாம் நல்ல தொடக்கம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். கம்பியில் வருகிற மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரி மின்சாரம். புகை நம் ஜன்னலை விட்டுப் போய்விட்டது. அது அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்க்காரர்களின் மூக்குக்குத்தான் போகிறது. இன்னும் ஒரு சங்கடம், ரயில்வே ஏற்றிச் செல்லும் சரக்கில் ஏறத்தாழப் பாதி எடை நிலக்கரிதான். பயணிகள் கட்டணத்தில் வரும் இழப்பை ஈடுகட்டுவதும் சரக்கு வருமானம்தான். நிலக்கரி குறைந்தால் நாட்டுக்கு நல்லது, ரயில்வே கஜானாவுக்குக் கஷ்டம். இதற்கு என்ன வழி? லாரியில் போகிற மற்ற சரக்குகளை ரயிலுக்குத் திருப்புவதுதான். சுதந்திரம் பெற்ற காலத்தில் நாட்டின் சரக்கில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ரயிலில் போனது. இன்று முப்பதுக்கும் கீழே. இதை 45 ஆக்குவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. நம் ஊர் பைபாஸில் ராத்திரி பகலாக ஓடுகிற லாரிகளில் சில குறைந்தால் யாருக்கு லாபம்? டூவீலரில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற நமக்குத்தான்.

காட்டுக்கும் ரயிலுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் போட்ட சிலீப்பர் கட்டைகளுக்காக எத்தனை காடுகளை வெட்டினார்கள் தெரியுமா? 1856-ல் மதராஸ் மாகாணத்தின் வனக் காப்பாளராக வந்த ஹியூ கிளெகார்ன், ரயிலுக்காக மரங்கள் வெட்டுப்படும் வேகத்தைக் கண்டு அன்றைக்கே கவலைப்பட்டு எழுதினார். இன்று சிலீப்பர் கட்டை என்று பேச்சில் சொல்கிறோமே தவிர, போடுவது கான்கிரீட். அந்த வகையில் மரம் பிழைத்தது.

யானை பிழைத்ததா?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் பாதை மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு என்று மலையடிவாரத்தில் போகிறது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கிற இடம் அது. 2021 நவம்பர் 26 இரவு, மதுக்கரை அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போயின. அந்தப் படங்களைப் பார்த்த எவரும் மறந்திருக்க முடியாது. தண்டவாளத்தை யானை கடந்தது என்று செய்தி எழுதினார்கள். யானையின் பாதையைத் தண்டவாளம் கடந்தது என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். யானைகள் கடந்துபோக அந்தப் பகுதியில் தண்டவாளத்துக்குக் கீழே இரண்டு பாதைகள் அமைத்தது ரயில்வே. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 12 கோபுரங்கள் நிறுத்தி, இருட்டிலும் உடல் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் கேமராக்களைப் பொருத்தியது. யானை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு கண்டுகொள்ளும். கண்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில்வேக்குப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். வனக் காவலர்கள் ஓடிப்போய் யானையைத் திருப்புவார்கள். தொடங்கிய முதல் ஓராண்டில் அந்த இடத்தில் ஒரு யானைகூட ரயிலில் அடிபடவில்லை. அசாம் பக்கத்தில் தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் விட்டு யானைகளை விலக்கினார்கள், தேனீ என்றால் யானைக்குப் பயம். மனசு வைத்தால் வழி இருக்கிறது. அந்த மூன்று உயிர் போவதற்கு முன்பே மனசு வைத்திருக்கலாம்.

சமூகப் பொறுப்பு என்று வரும்போது ரயில்வேக்கு நாம் கடன்பட்ட நாட்களும் உண்டு. 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. சென்னையின் தாகத்துக்கு அது ஒரு மிடறுதான். ஆனாலும் அந்த மிடறு அன்றைக்கு எவ்வளவு பெரிது!

வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகள் முதலில் போய்ச் சேருவது ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான். 2018-லிருந்து 2024 மே வரை அப்படித் தனியாக வந்த 84,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ரயில்வே பாதுகாப்புப் படையினர் மீட்டிருக்கிறார்கள். எண்பத்து நாலாயிரம் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று.

2020 மார்ச் 20 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். 60 வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதம் குறைந்துகொண்டிருந்தது. கூட்டம் சேர வேண்டாம், பெரியவர்கள் வெளியே வர வேண்டாம் என்பதுதான் அன்று சொன்ன காரணம். நியாயம்தான். கொரோனா போயிற்று. முகக்கவசம் போயிற்று. ரயிலில் கூட்டம் திரும்பி வந்தது. சலுகை மட்டும் திரும்பி வரவில்லை.

அரசு சொல்லும் பதிலை நேர்மையாக உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வொரு பயணிக்கும் ஏற்கெனவே மானியம் தருகிறோம், 2022-23-ல் அது சராசரியாக 46 சதவீதம், மொத்தம் 56,993 கோடி ரூபாய் என்கிறார்கள். மாற்றுத் திறனாளிகள், குறிப்பிட்ட நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்குச் சலுகை தொடர்கிறது என்பதும் உண்மை. பெரிய தொகைதான், மறுக்கவில்லை.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பேத்திக்குக் காது குத்து என்றால் பாட்டி போக வேண்டும். கண் ஆபரேஷனுக்குத் தாத்தாவை மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். பென்ஷன் இல்லாத பெரியவர்கள்தான் இங்கே அதிகம். மகனிடம் டிக்கெட்டுக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டு, “எனக்கு அலைச்சல் ஆகாதுப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வார்த்தையை உங்கள் வீட்டில் நீங்கள் கேட்டதில்லையா?

எல்லா வகுப்புக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலுமாவது திருப்பித் தரலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்திருக்கிறது. வசதி உள்ளவர்கள் “எனக்கு வேண்டாம்” என்று விட்டுக்கொடுக்கும் வழியை ரயில்வேயே முன்பு வைத்திருந்தது, பலர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள். அதையே மறுபடியும் கொண்டுவரலாமே? கூரையில் சோலார் போடுவதும், பாட்டிக்குப் பாதிக் கட்டணம் தருவதும் எனக்கு ஒரே பொறுப்பின் இரண்டு கைகளாகத்தான் தெரிகின்றன.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்.

அடுத்த ரயில் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது, பழைய பேப்பரும் இரண்டு கவர்களும் கூடவே எடுத்து வையுங்கள். டயப்பரோ நாப்கினோ, சுற்றிக் கட்டி வாஷ்பேசின் அடியில் இருக்கிற குப்பைத் தொட்டியில் போடுங்கள். பிள்ளைகளுக்கு இனிமேல் “வண்டி நிக்கும்போது போகாதே” என்று சொல்லித் தர வேண்டியதில்லை. “உள்ளே எதையும் போடாதே, ஒரு அண்ணா கையை விட்டு எடுக்கணும்” என்று சொல்லிக்கொடுங்கள்.

மூத்த குடிமக்கள் சலுகை பற்றி உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டார் என்பதை மட்டும் நாலு வரியில் எழுதினால் போதும். அதன் நகலை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள். வருகிற இதழ்களில் அவற்றை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்